வெறும் தூக்கம்

வட்டங்கள்தான் முதலில் நடுங்கும்.
சந்தை நெரிசலில் திருடன் தெரியமாட்டான்,
தோள்கள் விலகுவது தெரியும்.
மயூமாவின் ரத்தத்தில்
சிவப்பணுக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வழிவிட்டன.
பிறகு வந்தது அது,
ஓரத்தில் மெல்லிய சவ்வு சிலுசிலுக்க,
கண்ணாடித் தகடு
தன் அப்பன் வீட்டுச் சொத்து என்பதுபோல.

இன்சியா ஆற்றங்கரை.
படகிலிருந்து இறக்கிய மேசை, இரைகிற ஜெனரேட்டர்.
வரிசையில் நூற்றுப்பதினான்கு பேர்.
ஒவ்வொரு பிடரியிலும் என் விரல்கள் கேட்டுக்கொண்டே போயின.
அவள் பிடரியில் பதில் இருந்தது:
வேர்க்கடலை அளவில், மூன்று.

எப்போது தொடங்கியதென்று
அவள் கணவன் எங்கியாமாவுக்கே தெரியாது.
ஒரே குழம்பில் மூன்று தரம் உப்புப் போட்டாள்.
ஆற்றில் ஊறிய மரவள்ளிக்குக் காவலிருந்தவள்
கரையிலேயே சாய்ந்தாள்,
மூட்டை கீழூர் போய்ச் சேர்ந்தது.
அடுப்பில் கை வெந்தும் விழிக்கவில்லை.
ராத்திரியானால் முற்றத்தில் நின்று
மாமியாரின் குறைகளை
ஒன்றுவிடாமல் ஊருக்குச் சொன்னாள்.
"ஒன்றும் பொய்யில்லை" என்றான்,
"ஆனால் அவள் சொல்லுகிறவள் இல்லை."

சூனியம் என்றது ஊர்.
ஜெபக்கூடத்தில் பதினெட்டு நாள் கட்டிவைத்தார்கள்.
கயிறு எழுதியது மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது.

ஈயின்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.
ஒரு சூலுக்கு ஒரே பிள்ளை,
அதையும் வயிற்றுக்குள்ளேயே பாலூட்டி வளர்க்கிற பிறவி.
தன் எச்சிலில் யார் ஏறிப் பயணம் போகிறார்கள் என்று
அது என்ன கண்டது.
கோபமெல்லாம் உன்மேல்தான்.
காவலாளி முகம் கண்டுகொண்டதும்
சட்டையை மாற்றுகிறாய்.
மறுபடி கண்டுகொண்டால் மறுபடி வேறு.
எத்தனை சட்டைதான் வைத்திருக்கிறாய், பாவி,
மாற்றுச் சட்டைக்கு வழியில்லாதவர்கள் உடம்பில்
குடியிருந்துகொண்டு?

முதுகுத்தண்டில் ஊசி.
சொட்டுச் சொட்டாய் விழுந்த நீரில்
வெள்ளையணு நாற்பத்தேழு.
மண்டைக்குள் புகுந்தாயிற்று.

என் அண்ணனுக்கு இதே கட்டத்தில் ஆர்சனிக் ஏற்றினார்கள்.
நரம்புக்குள் மிளகாய் அரைத்து விட்டதுபோல் கத்தினான்.
நோய் போயிற்று.
மூன்றாம் நாள் அவனும்.

இப்போது மாத்திரை, பத்து நாள்.
ஒரே நிபந்தனை: சாப்பிட்ட வயிற்றில் போடவேண்டும்.
எங்கியாமா சிரித்தான்.
நான் அவன் பானைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.
படகோட்டி லுகோக்கி எழுந்து போய்
தனக்கென்று புகைபோட்டு வைத்திருந்த கெளுத்தியைக் கொண்டுவந்து
பேசாமல் வைத்தான்.

ஆற்றோரம் நீலத்துணி கட்டினோம்.
ஈக்கு நீலம் பிடிக்கும், துணியில் மருந்து.
நாலாம் நாள் இரண்டு துணியைக் காணோம்,
ஐந்தாம் நாள் ஒரு பையன்
நீலக் கால்சட்டையில் வந்து நின்றான்.
அவிழ்க்கச் சொல்லி, சோப்புத் தேய்த்து,
என் துண்டைக் கட்டி அனுப்பினேன்.
தையல் நேர்த்தியாகத்தான் இருந்தது.

பத்தாம் நாள், உச்சிப்பொழுது.
மயூமா விழித்து உட்கார்ந்திருந்தாள்,
கிழங்குத் தோலைச் சீவியபடி.
பக்கத்தில் வெறுந்தரையில் எங்கியாமா,
வாய் பிளந்து, உதட்டில் எறும்பு ஊர.
என் நெஞ்சில் ஒரு துடிப்பு விட்டுப்போனது.
மண்டியிட்டுப் பிடரியைத் தடவினேன்.
மறுபடியும் தடவினேன்.
விரலைக் குத்தினேன், விழிக்கவில்லை.
ரத்தத்தை லென்ஸுக்கடியில் வைத்து
ஓரம் முதல் ஓரம்வரை,
கண்ணில் நீர் கோக்கும்வரை பார்த்தேன்.
ஒரு வட்டமும் நடுங்கவில்லை.

இரண்டு வருஷமாய் இரவெல்லாம்
அவளைத் தேடிப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தவன்.
வெறும் தூக்கம்.

"எழுப்பாதே" என்றாள் மயூமா,
கத்தியை நிறுத்தாமல்.
"சாயங்காலம் மூட்டை தூக்க ஆள் வேண்டும்."